கல்லூரிக் காலத்துப் படங்களுக்கு வாங்கிய பெட்டி

பல்கலைக்கழகத்தில் படித்தபோது எடுத்த படங்கள், அடையாள அட்டை, ஆண்டுவிழா அழைப்பிதழ், ஆட்டோகிராஃப் புத்தகம் எல்லாம் இத்தனை வருடமாக ஒரு துணிப்பையில்தான் கிடந்தன. அவற்றை ஒழுங்காக வைக்க, ஆவணக் காப்பகங்களில் பயன்படுத்தும் வகை அட்டைப்பெட்டி ஒன்றும் அதற்கேற்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறைகளும் வாங்கி நான்கு மாதமாகிறது. தாராளமாக வாங்கலாம், அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைகள்தான் இதில் முதல் தரம். கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் படத்தை வெளியே எடுக்காமலே பின்பக்கம் எழுதியிருப்பதையும் படிக்கலாம், விரல் ரேகை படாது. விடுதி மொட்டைமாடியில் எடுத்த ஒரு படத்தின் பின்னால் அறைத்தோழி எழுதிய இரண்டு வரி இருப்பதே இப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அது அதுவரை ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் ஒட்டிக் கிடந்தது. அந்த ஆல்பங்கள் படத்துக்கு எமன். பசை மஞ்சளாகி இறுகிவிடும், பிடித்து இழுத்தால் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, அறுப்பது போல மெதுவாக இழுத்துத்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்படியும் ஒரு படத்தில் ஓரத்தில் நின்றவள் முகம் போய்விட்டது, இன்னும் மனது ஆறவில்லை. அதனால் கைவைப்பதற்கு முன்பே ஆல்பத்தில் இருந்தபடியே ஒரு முறை ஸ்கேன் செய்துவிடுங்கள், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும்.

‘அமிலமற்றது’ என்று போட்டிருந்தால் மட்டும் நம்பி வாங்காதீர்கள். புகைப்படத்தோடு ஒட்டியிருக்கும் பொருளுக்கென்றே ஐஎஸ்ஓ 18916 என்று ஒரு சோதனை இருக்கிறது, அதில் தேறியதா என்று பாருங்கள், இந்தப் பெட்டியில் அது அச்சிட்டிருந்தது. உறை பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎதிலீன் எதுவானாலும் சரி, பிவிசி மட்டும் வேண்டாம்.

பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடவும் கூடாது. எங்கள் நாடகக் குழுவைப் பற்றி வந்த செய்தித்தாள் துண்டைப் படத்தின் மேலேயே வைத்திருந்தேன், அது படிந்த இடம் மட்டும் பழுப்பாகச் சதுரம் விழுந்திருக்கிறது. செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் பண்ணுகிற வேலை அது, தனி உறையில் வையுங்கள். நெகட்டிவில் வினிகர் வாசனை வந்தால் அதையும் உடனே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்புறம், பெட்டி நல்லதாக இருக்கிறதே என்று பரணில் ஏற்றிவிடாதீர்கள், அங்கே அடிக்கும் சூட்டுக்கு எந்தப் பெட்டியும் தாங்காது.

குறை என்றால், கூட வந்த லேபிள்கள் இரண்டாம் மாதமே உரிந்துவிட்டன, பென்சிலில் நேரடியாகப் பெட்டி மேலேயே எழுதிவிட்டேன். படங்களின் பின்னால் பெயர் எழுதவும் மிருதுவான பென்சில்தான் நல்லது, பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு.

பெரிய குறை, கடைசி வருடக் குரூப் போட்டோ உள்ளே போகவில்லை. சுருட்டினால் வெடிப்பு விழும், மடிக்கவே கூடாது. அதற்கு மட்டும் பெரிய தட்டை உறை தனியாக வாங்க வேண்டும், அதுவரை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் அலமாரியில் படுத்திருக்கிறது.