ரோமா, வெனிஸா, போலோன்யாவா? ரெண்டு பசங்க, மூணு ராத்திரி

மூணு ராத்திரி, நாலு பகல், கூட ரெண்டு பசங்க, ஒரு ஸ்ட்ரோலர். இத வச்சுகிட்டு இத்தாலில எந்த ஊருக்குப் போறதுன்னு கேட்டா பாதிப் பேர் யோசிக்காம ரோம்னு சொல்றாங்க, மீதிப் பேர் ரோம் ஃப்ளோரன்ஸ் வெனிஸ் மூணையும் நாலு நாள்ல முடிச்சிடலாமே, ட்ரெயின்தான் இருக்கேங்கறாங்க. ட்ரெயின் இருக்கு, இல்லேங்கல. ரோம்லேர்ந்து ஃப்ளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம்தான். ஆனா அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாடி ரூமைக் காலி பண்ணி, பெட்டியக் கட்டி, சின்னவளோட ஒத்தக் கால் ஷூவ கட்டிலுக்கடியில தேடி, ஸ்டேஷனுக்கு ஓடி, அங்க இறங்கி புது ரூம் சாவி வாங்கறதுக்குள்ள அரை நாள் போயிடும். அதனால ஒரே ஊர்தான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

ரோம், வெனிஸ், போலோன்யா, ஃப்ளோரன்ஸ், நாலு ஊருக்கும் தனித்தனியா போயாச்சு, ஒவ்வொரு தடவையும் பசங்களுக்கு ஒவ்வொரு வயசு. நான் பாத்த வரைக்கும் எந்த ஊர்ல எத்தன மியூசியம் இருக்குங்கறது பிரச்சனையே இல்ல. காலைல ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எந்த ஊரும் நல்ல ஊர்தான். மதியம் ரெண்டுலேர்ந்து ஏழு வரைக்கும் என்ன பண்றதுங்கறதுதான் கேள்வி. நிறைய ஹோட்டல்ல மதியச் சாப்பாடு முடிஞ்சதும் கிச்சன மூடினா திரும்ப ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கறாங்க, நம்ம பசங்களுக்கு ஆறு மணிக்கே வயிறு கத்த ஆரம்பிச்சிடும், வெயில் வேற. அந்த அஞ்சு மணி நேரத்த எந்த ஊர் தாங்குதோ அதுதான் குடும்பத்துக்கு ஏத்த ஊர்.

மொதல்ல ரோம். பெரியவன் அப்ப ஸ்கூல்ல கிளாடியேட்டர் பத்தி ஏதோ படிச்சிருந்தான், ஸோ கொலோசியத்துக்குள்ள நுழைஞ்சதும் கேள்விமேல கேள்வி. அடியில தெரியற அந்த சுவர்களுக்கு நடுவுல கூண்டுல மிருகங்கள வச்சு, கயிறு, கப்பி போட்டு ஆளுங்களே லிஃப்ட் மாதிரி மேல தூக்கி அரங்கத்துக்குள்ள விடுவாங்கன்னு சொன்னதும் அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டான். கிபி 80ல திறந்த கட்டடம்னு நான் சொன்னது அவன் காதுலயே ஏறல, அந்த லிஃப்ட்தான் ஏறிச்சு. 18 வயசுக்குக் கீழ இருந்தா இத்தாலி அரசு மியூசியங்கள்ல டிக்கெட் இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி, கொலோசியத்துக்கும் இது செல்லும். ஆனா இலவசம்தானேன்னு பசங்களுக்கு புக் பண்ணாம போயிடாதீங்க, அவங்க பேர்லயும் சைபர் யூரோ டிக்கெட் நேரம் போட்டு எடுக்கணும். வாட்டிகன் தனி நாடு, அதனால இந்த ரூல் அங்க கிடையாது. சின்னப் பசங்கள வச்சுகிட்டு வாட்டிகன் மியூசியம் வேண்டவே வேண்டாம்னுதான் சொல்லுவேன், கடைசியில சிஸ்டைன் சேப்பலுக்குள்ள சத்தம் போடாதன்னு காவலர் அதட்டிகிட்டே இருப்பாரு, நம்ம வீட்டுப் பிள்ளைக அதுக்கெல்லாம் அடங்கற ரகமா?

ஆனா ரோம்ல எங்க பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது கொலோசியம் இல்ல, தெருக்குழாய். நஸோனே, அதாவது பெரிய மூக்குன்னு பேரு, ஊர் முழுக்க சுமாரா 2,500 இருக்காம், இடுப்பளவு உயரத்துல ஒரு இரும்புத் தூண், வளைஞ்ச மூக்குலேர்ந்து ராப்பகலா தண்ணி ஓடிட்டே இருக்கு, ஐஸ் மாதிரி ஜில்லுனு குடிக்கற தண்ணி. அந்த மூக்கோட நுனிய விரல வச்சு அடைச்சா மேல இருக்கற ஒரு குட்டி ஓட்டை வழியா தண்ணி வில்லு மாதிரி வளைஞ்சு மேல வரும், குனியாமலே குடிக்கலாம். இத ஒரு ரோம் பாட்டி பெரியவனுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க, அதுக்கப்புறம் வழியில வந்த ஒவ்வொரு குழாயிலயும் நிப்பு, தங்கச்சி மூஞ்சில தண்ணி, அவ ஒரு கத்து. பாட்டில் தண்ணிக்கு நாங்க காசே செலவு பண்ணல.

அந்த மதியம் ரெண்டு மணிக் கேள்விக்கு வருவோம். ரோம்ல வில்லா போர்கேஸேன்னு பெரிய பூங்கா இருக்கு, நாலு பேர் உக்காந்து பெடல் பண்ற வண்டி வாடகைக்குக் கிடைக்குது, குட்டி ஏரில படகு விடலாம், உள்ளயே ஒரு மிருகக்காட்சி சாலை. மதியத்துக்கு இது ஒண்ணு போதும். பூனை பிடிச்ச பிள்ளைன்னா லார்கோ அர்ஜென்டினா போங்க, கிமு 44ல சீசரக் குத்திக் கொன்ன இடம், இப்ப அந்த இடிபாட்டுக்குள்ள பூனைகளுக்கு ஒரு காப்பகமே நடக்குது. சின்னவளுக்கு சீசரப் பத்தி அக்கறையே இல்ல, மூணு கால் பூனை ஒண்ணு இருந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அதப் பத்திப் பேசறா.

ரோமோட குறை தரையில இருக்கு. சம்பியெத்ரீனிம்பாங்க, கருங்கல்ல சின்னச் சின்னதா வெட்டிப் பதிச்ச தெரு, ஸ்ட்ரோலர் சக்கரம் கடகடன்னு ஆடும், தூங்கற பிள்ளை எந்திரிச்சிடும். ஊரும் ரொம்பப் பெருசு, நடந்தே தீரணும், பஸ் வந்தா வரும். ஏர்போர்ட்லேர்ந்து டெர்மினி ஸ்டேஷனுக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் ட்ரெயின் ஆளுக்கு 14 யூரோ, பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு பிள்ளை இலவசம், ஸோ நாலு பேருக்கு 28. டாக்சின்னா ரோமோட பழைய கோட்டை மதிலுக்குள்ள எங்க போனாலும் ஒரே ரேட்டு 55. ராத்திரி ஃப்ளைட்டுனா யோசிக்காம டாக்சி, வெள்ளை கலர் ஆபீஷியல் டாக்சி மட்டும், வாசல்ல வந்து சார் டாக்சி வேணுமான்னு கேக்கறவங்க பின்னாடி போகாதீங்க.

இப்ப வெனிஸ். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரோமுக்கு நேர் எதிர். ரோம்ல தெருவுக்குத் தெரு பிள்ளை கையப் பிடிச்சுகிட்டே நடக்கணும், வெனிஸ்ல காரே இல்ல, ஸ்கூட்டரும் இல்ல. நாப்பதடி முன்னாடி ஓடவிட்டு பின்னாடி நிம்மதியா நடக்கலாம்னு நினைப்பீங்க, ஆனா திருப்பத்துல நேரா கால்வாய், பாதி இடத்துல கைப்பிடிச் சுவரே கிடையாது. அம்மாக்களுக்கு பயம் மாறும், போகாது. நானூறுக்கு மேல பாலம், கிட்டத்தட்ட எல்லாத்துலயும் படி, ஸ்ட்ரோலர வச்சுகிட்டு ஒவ்வொண்ணா ஏத்தி இறக்கி மொத நாள் சாயங்காலமே வீட்டுக்காரர் இடுப்பப் பிடிச்சுகிட்டு உக்காந்துட்டாரு. இந்த ஊருக்கு பேபி கேரியர்தான், தோள்ல கட்டிக்கணும்.

ஆனா மதியப் பிரச்சனைக்கு வெனிஸ் மாதிரி பதில் எந்த ஊர்லயும் இல்ல. வபொரெத்தோன்னு பஸ் மாதிரி ஓடற படகு, ஒண்ணாம் நம்பர்ல ஏறினா கிராண்ட் கெனால் முழுக்க ஒவ்வொரு படித்துறையா நின்னு நின்னு போகும், முன்னாடி சீட்டு கிடைச்சா பசங்க வாயத் திறக்கறதில்ல, சின்னவ மடியில தூங்கியே போயிட்டா. ஆம்புலன்ஸ் படகு, குப்பை அள்ற படகு, பார்சல் கொண்டுவர்ற படகுன்னு எண்ணிட்டே போனான் பெரியவன். ஒத்த டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும், அதுக்கு மூணு நாள் பாஸ் 45 யூரோ எவ்வளவோ மேல். 6 வயசுக்குக் கீழ இலவசம், அதுக்கு மேல இருக்கற பசங்களுக்கு ரோலிங் வெனிஸ்னு ஒரு சலுகை கார்டு உண்டு, கவுன்டர்லயே கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

கொண்டோலா அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரி 7க்கு மேல 110, இது ஆள் கணக்கு இல்ல, படகு கணக்கு. பசங்க அடம்பிடிச்சா ஒரு வழி இருக்கு, டிராகெத்தோன்னு கிராண்ட் கெனாலக் குறுக்கால கடக்கற கொண்டோலா, தலைக்கு 2 யூரோ, ரெண்டு நிமிஷம்தான். பசங்களுக்கு கொண்டோலா கொண்டோலாதான், எங்க வீட்டுல 88 யூரோ மிச்சம்னு நான் ரொம்பப் பெருமையா சொன்னேன், நாலு டிக்கெட் எடுத்தோமே, 82தான்னு பெரியவன் திருத்தினான்.

தங்கறது தண்ணிக்கு அந்தப் பக்கம் கரையில இருக்கற மெஸ்த்ரேலன்னா ரூம் விலை குறையும், ட்ரெயின்ல பத்து நிமிஷம். கணக்குக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா மதியம் பிள்ளை அழுதா ரூமுக்குத் திரும்ப முடியாது, அதுக்குத்தானே இவ்வளவும் பேசறோம். 2024லேர்ந்து சில நாள்ல ஊருக்குள்ள நுழையவே கட்டணம் வச்சிருக்காங்க, ஆனா அது பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு. ராத்திரி தங்கறவங்களுக்கும் 14 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் இல்ல. சாப்பாடு மத்த ஊரவிட விலை ஜாஸ்தி, சுமார் ரகம். சான் மார்கோ சதுக்கம் பக்கத்துல ஒரு கடையில நாலு பேருக்கு நாங்க குடுத்த காசுக்கு வந்த பீட்சா ஃப்ரீசர்ல இருந்து எடுத்துச் சுட்டதுன்னு பெரியவனே கண்டுபிடிச்சான். ரெண்டு ராத்திரின்னா வெனிஸ் அருமை, மூணாவது நாள் ஒரே முகமூடிக் கடையா தெரியும்.

போலோன்யாவ யாரும் லிஸ்ட்லயே சேக்கறதில்ல, எனக்கு அது புரியவே இல்ல. ஏர்போர்ட்லேர்ந்து மோனோரயில்ல ஏழெட்டு நிமிஷம், ஸ்டேஷன்ல இறங்கிடலாம். ஊர் நடுவுல மட்டும் 38 கிலோமீட்டர் போர்டிகோ, அதாவது நம்ம கோயில் பிராகாரம் மாதிரி தூண் வச்ச மூடின நடைபாதை, 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. வழவழன்னு தரை, மேல கூரை. மழையா இருந்தா என்ன, வெயிலா இருந்தா என்ன, ஸ்ட்ரோலர் வழுக்கிட்டே போகுது, சின்னவ ரெண்டு மணி நேரம் தூங்கினா நாங்க ரெண்டு பேரும் காபியும் குடிச்சு சண்டையும் போட்டு சமாதானமும் ஆயாச்சு.

நாங்க போனது நவம்பர்ல, மூணு நாள்ல ரெண்டு நாள் மழை. மழை விட்ட அன்னிக்கு நண்பகல் சான் பெத்ரோனியோ சர்ச்சுக்குள்ள போனோம், தரையில 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு, 1655ல கஸ்ஸீனின்னு ஒரு வானியல் அறிஞர் போட்டது, சனி கிரகத்துக்குப் போன விண்கலத்துக்கு அவர் பேர்தான். கூரையில ஒரு ஓட்டை, அது வழியா சூரியன் வட்டமா தரையில விழுந்து மெதுவா நகர்ந்து சரியா அந்தக் கோட்டத் தொடுது, நகர்றது கண்ணுக்கே தெரியுது. பெரியவன் தரையில படுத்துட்டான், பக்கத்துல ஒரு இத்தாலி தாத்தாவும் மண்டி போட்டு உக்காந்து பாத்துட்டிருந்தாரு. பக்கத்துலயே பலாஸ்ஸோ தெல் பொதெஸ்தா வளைவுக்கடியில ஒரு மூலையில சுவரப் பாத்து கிசுகிசுன்னு பேசினா எதிர் மூலையில காதுல கேக்கும், அங்க நாப்பது நிமிஷம், ஒரு பைசா செலவில்ல. சின்னவ சுவர்கிட்ட ஐஸ்கிரீம் வேணும்னு சொன்னா, எதிர் மூலையில நின்ன அப்பா வாங்கிக் குடுத்தாரு, அதோட சுவரே ஐஸ்கிரீம் குடுக்கும்னு முடிவு பண்ணிட்டா.

குறைன்னா, பெரிசா சொல்லிக்கற மாதிரி ஒரு கட்டடம் இல்ல, ஊர் நடுவுல நிக்கற ரெண்டு பழைய கோபுரத்துல ஏறலாம்னு நினைச்சா 2023லேர்ந்து மூடிட்டாங்க, சாஞ்ச கோபுரம் இன்னும் சாயுதாம். சைவம்னா இங்கதான் ஜாக்கிரதை, தொர்த்தெல்லினின்னு உள்ள பூரணம் வச்ச குட்டி பாஸ்தாவுக்குள்ள பன்றிக்கறி, மாவுப் பலகாரத்துல பன்றிக் கொழுப்பு கலக்கறாங்க, கேட்டே வாங்குங்க. தொர்த்தெல்லோனின்னு பெருசா இருக்கறதுல ரிக்கோட்டா சீஸ் வச்சது கிடைக்கும். எந்த ஊரானாலும் பசங்களுக்கு பாஸ்தா இன் பியாங்கோன்னு கேட்டா மெனுல இல்லாட்டியும் வெறும் வெண்ணெயும் சீஸும் போட்டு கொண்டு வந்துடுவாங்க, இத்தாலிக்காரங்களோட தயிர்சாதம்னு வச்சுக்கலாம்.

ஃப்ளோரன்ஸ் பத்தி அதிகம் சொல்ல இல்ல. பெரியவங்களுக்கு சொர்க்கம், பசங்களுக்கு வரிசை. டுவோமோங்கற பெரிய சர்ச்சோட குவிமாடம் 463 படி, லிஃப்ட் கிடையாது, உஃபீத்ஸி மியூசியம் திங்கக்கிழமை லீவு, ஊர் நடுவுல நிழலே தேடணும். வெண்கலப் பன்னி சிலை மூக்கத் தடவி வாயில காசு போடறது ஒண்ணுதான் எங்க பசங்களுக்கு ஞாபகம் இருக்கு. பக்கத்துல பீசா கோபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனா 8 வயசுக்குக் கீழ ஏறவிட மாட்டாங்க, ஒண்ணு ஏறி ஒண்ணு ஏறலைன்னா கீழ நிக்கறவங்க நிலைமை நீங்களே நினைச்சுக்கோங்க. போலோன்யால தங்கினா ஃபாஸ்ட் ட்ரெயின்ல 40 நிமிஷத்துக்குள்ள ஃப்ளோரன்ஸ், காலைல போய் மைக்கலேஞ்சலோவோட டேவிட் சிலையப் பாத்துட்டு மத்தியானமே திரும்பிடலாம், அதுக்கு மேல வேண்டாம்.

ஸோ, ஏழு வயசத் தாண்டினவங்கன்னா ரோம், ஸ்ட்ரோலர்ல உக்காரற வயசுன்னா போலோன்யா, நடக்கவும் தெரியும் சொன்னா கேக்கவும் செய்யும்ங்கற பிள்ளைன்னா வெனிஸ் ரெண்டு ராத்திரி. ஜூலை ஆகஸ்ட் எந்த ஊருக்கும் வேண்டாம். வர்ற ஏப்ரல்ல அக்கா குடும்பமும் வருது, அவங்க பசங்க பெரிசு, அதனால ரோமுக்கு டிக்கெட் போட்டாச்சு. சின்னவ மட்டும் அந்த ஐஸ்கிரீம் சுவர் ரோம்ல எங்க இருக்குன்னு கேட்டுட்டே இருக்கா, இன்னும் பதில் சொல்லல.