தரங்கம்பாடியில் எடுத்த ப்ரீ-வெட்டிங் ஷூட்: என் அனுபவம்

எடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தோம். நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இரண்டு தடவைதான். கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் எதற்கு என்றார் அம்மா. நீங்களும் கூட வாங்க என்றதும், சரி என்று சம்மதித்தார்.

மயிலாடுதுறையில் ஒரு சின்ன ஸ்டுடியோ. அரை நாளுக்கு 18,000 ரூபாய், 40 படங்கள். விடிகாலை 5.30 மணிக்கே தரங்கம்பாடிக்கு வரச் சொன்னார்கள். அது நல்ல யோசனை. கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் சுவரில் அந்த மஞ்சள் வெளிச்சம் படும்போது அவ்வளவு அழகு. எட்டு மணிக்கெல்லாம் கண் கூசியது.

போட்டோகிராபர் எங்களை எந்த போஸும் கொடுக்கச் சொல்லவில்லை. "சும்மா பேசிக்கிட்டே நடங்க" என்று தள்ளி நின்றுகொண்டார். கடல்காற்றில் பறந்த என் முந்தானையை என்னவர் எட்டிப் பிடித்து, ஜரிகையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் கொடுக்கிறார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. அன்று பேசிய அளவுக்கு நாங்கள் போனில்கூடப் பேசியதில்லை.

ஒரே குறை, ட்ரோனுக்குத் தனியாக 4,000 என்று கடைசியில்தான் சொன்னார்கள். அதை மட்டும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.