ஏரியா, நேரம், யார் கூட: எட்டு வருட ஓட்டல் பட்டியல்

என் போன் மேப்பில் ஓட்டல்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் படுத்துக்கொண்டு முதல் குறியைப் போட்டது 2016-ல். எட்டு வருடம் கழித்து 43 குறிகள் நிற்கின்றன. போட்டு அழித்தவை அதைவிட அதிகம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதி வைப்பது வழக்கம். போன வாரம் எல்லாவற்றையும் மொத்தமாகப் படித்தபோதுதான் கவனித்தேன், ருசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "மாடிப்படி, அம்மாவுக்கு ஆகாது." "எட்டரைக்கு மேல் வரிசை." "வண்டியைத் தள்ளி விட்டுவிட்டு நடக்கணும்." எல்லாம் இப்படித்தான். ருசி நாக்குக்கே ஞாபகம் இருக்கிறது, அதை எழுதி வைக்கத் தேவைப்படவில்லை போல.

மேன்ஷன் நாட்களில் இரண்டே விசேஷங்கள்: மாச முதல், மாசக் கடைசி. மாசக் கடைசிக்குக் காசி விநாயகா மெஸ். டோக்கனை வாங்கிக்கொண்டு நம் முறைக்குக் காத்திருந்தால் வயிறு நிறையச் சாப்பாடு. மாச முதலுக்கு ரத்னா கபே. 1948-லிருந்து இருக்கும் கடை. அங்கே சாம்பார் தொட்டுக்கொள்ளும் பொருள் இல்லை. இட்லி முழுகும் வரை ஊற்றுவார்கள், தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள். இட்லியைத் தொட்டுச் சாப்பிடும் கட்சிக்காரர்களை அங்கே அழைத்துப் போகாதீர்கள், முகம் சுளிப்பார்கள். நான் முழுக்கும் கட்சி.

அப்போதெல்லாம் ஓட்டல் தேர்வு என்றால் மேப்பில் மற்றவர்கள் போட்ட நட்சத்திரம் பார்ப்பதுதான். அந்தப் பழக்கம் 2019-ல் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டது. சித்தி பெண்ணுக்கு வரன் வந்திருந்தது. இரண்டு வீட்டாரும் பொது இடத்தில் சந்திக்கலாம் என்று பேச்சு. சென்னை தெரிந்தவன் என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரு இடத்துக்கு 4.6 நட்சத்திரம், கண்ணை மூடிக்கொண்டு மேஜை சொல்லிவிட்டேன். போனால் பள்ளமான சோபா. சித்தப்பா உட்கார்ந்தார், எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. காதைப் பிளக்கும் பாட்டு. மாப்பிள்ளையின் அம்மா "சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன்" என்று மூன்றாவது முறை கத்திய அந்த நொடியில் பாட்டு நின்றது. மொத்த ஓட்டலும் திரும்பிப் பார்த்தது. ஃபில்டர் காபி கிடையாது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு. (அது கட்டாயமில்லை என்று பின்னால் 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அன்றைக்கு பில்லைப் பற்றிப் பேசும் நிலையில் யாரும் இல்லை.)

உணவைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே இருந்தது. நாலு நண்பர்கள் போயிருந்தால் நானும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். நட்சத்திரம் போட்டவர் யாரோடு போனார், எதற்குப் போனார் என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த சந்திப்பைச் சித்தியே ஏற்பாடு செய்தார். கபாலீஸ்வரர் கோயிலில் தரிசனம், வெளியே வந்து கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ், அடை அவியல். யாரும் கத்தவில்லை. கல்யாணமும் முடிந்தது. அவியலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று சித்தப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மயிலாப்பூரில் மட்டும் ஆறு குறிகள் வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. அருண்டேல் தெரு ராயர் மெஸ் காலை வேளைக்கு: பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. இடம் சின்னது, காத்திருக்க வேண்டும், உட்காருபவர் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கு அது பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது. ஜன்னல் கடையில் பெயருக்கேற்ப ஜன்னல் வழியே வாங்கித் தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை அங்கே கூட்டிப்போனால் பாவம். பிள்ளைகள் இருந்தால் காளத்தி கடை ரோஸ் மில்க்கோடு முடித்துக்கொள்ளலாம். மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து லஸ் பக்கம் எந்தத் தெரு என்றைக்கு ஒருவழி என்று சொல்ல முடியாது. கார் வேண்டாம்.

நண்பர்கள் என்றால் பாரிமுனைதான், சாயங்காலம் மட்டும். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை நெய் இட்லி, அங்கிருந்து மின்ட் தெரு, காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபி, கடைசியில் பீச் ஸ்டேஷன் பக்கம் வந்து அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது: நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு, பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். இந்தச் சுற்றில் தப்பு செய்ய ஒரே வழி முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

துபாயிலிருந்து மைத்துனர் வந்தால் அண்ணா சாலை புகாரி. 1951-லிருந்து இருக்கிறது, சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது என்பது அவர்கள் வாதம், மைத்துனருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஐ.டி. ஆபீஸ்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் எனக்குக் குறிகளே இல்லை. ஆபீஸ் ட்ரீட் என்றால் பஃபே என்று யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள், நாம் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதோடு சரி.

மேப்பில் குறையும் உண்டு. "திறந்திருக்கிறது" என்று காட்டும், மதியம் மூன்று மணிக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துத் தரை கழுவிக்கொண்டிருப்பார்கள். பல டிபன் கடைகளில் அந்த நேரத்தில் அடுப்பு ஓய்வில் இருக்கும். இப்போதெல்லாம் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். எழும்பூரில் ராத்திரி ரயில் பிடிக்க வேண்டிய நாளில் புதுக் கடை எதையும் சோதிப்பதில்லை, தெரிந்த இடத்தில் இட்லி பார்சல், அவ்வளவுதான். தோசையைப் பார்சல் வாங்குபவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

பட்டியலில் ஒன்று ஓட்டலே இல்லை. கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா. அங்கேதான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது, 2008-ல் மூடிவிட்டார்கள். காரிலேயே உட்கார்ந்து தட்டில் வாங்கிச் சாப்பிட்ட கதையை என் மாமனார் சொல்லாத ஞாயிறு இல்லை. பட்டியலில் அது ஏன் இல்லை என்று கேட்டார். இல்லாத கடைக்கு எப்படி மாமா குறி போடுவது என்றேன். "இடம் இருக்கே" என்றார். போட்டுவிட்டேன். பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டு, ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸில் டிபன். கீழே குறிப்பு: "ஒன்பதுக்குள் சாப்பிட உட்காரணும், மாமாவுக்கு மாத்திரை."