ஆங்கிலம் பேசப் பழக செபுவா, பிரிஸ்பேனா?

ஆங்கிலத்துக்காக வெளிநாடு கிளம்பும் கொரிய, ஜப்பானிய மாணவர்கள் பலர் பிலிப்பைன்ஸையும் ஆஸ்திரேலியாவையும் எடைபோட்டுப் பார்க்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ் நகரமான செபுவின் பலம், ஒரு ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற வகுப்பு. தினமும் பல மணி நேரம் வாய் திறந்தே ஆகவேண்டும். நாலு பேர் முன் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சத்துக்கு இடமே இல்லை. 'ஸ்பார்டா' என்ற கெடுபிடியான முறைப் பள்ளி என்றால் வார நாட்களில் வெளியே போகவும் தடை. செலவும் குறைவு. ஆனால் விடுதியில் சொந்த நாட்டுக்காரர்களே அதிகம், வாசலைத் தாண்டினால் காதில் விழுவது உள்ளூர் மொழியான செபுவானோ. புது ஊரோடு மல்லுக்கட்டும் அனுபவம் அவ்வளவாகக் கிடைக்காது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அந்த மல்லுக்கட்டுதான் பாடமே. வேகமான உச்சரிப்பு ஒருபக்கம். ஆசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; வயதுக்கேற்ப மரியாதை கொடுத்துப் பேசி வளர்ந்த கொரியருக்கு அது லேசில் வராது. மாணவர் விசாவில், படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். சரி, பேச்சு திக்கினால் காபிக் கடையில் யார் சேர்ப்பார்கள்? கொரிய உணவகத்தில் பாத்திரம் கழுவ நேரும், அங்கே ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.

என் கணக்கில், அடிப்படையே ஆடுகிறவர் முதலில் செபு, அப்புறம் பிரிஸ்பேன். ஓரளவு பேச வருகிறவர் நேராகப் பிரிஸ்பேனுக்கே போகலாம்.