மைக்ரோடியா: விலா எலும்பா, மெட்போரா, சிலிகானா?

காது மடல் சரியாக உருவாகாமல் (இதுதான் மைக்ரோடியா) பிறந்த குழந்தைக்குப் புதுக் காது வைக்க இன்று மூன்று வழிகள் உண்டு. எது அழகாக வரும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் ஒன்று சொதப்பினால் அடுத்ததற்கு வழி மிச்சம் இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

விலா எலும்பு முறைதான் பழசு. குழந்தையின் மார்பிலிருந்தே குருத்தெலும்பை எடுத்து, காது வடிவில் செதுக்கித் தோலுக்குள் வைப்பார்கள். 1959-ல் அமெரிக்க சர்ஜன் டான்சர் இதற்கு வழி போட்டார். அப்புறம் பிரென்ட் நான்கு கட்டமாகவும், ஜப்பானின் நகாட்டா இரண்டே கட்டமாகவும் செய்தார்கள். பிரென்ட் முறையில் 6 வயதிலேயே தொடங்கலாம். நகாட்டாவுக்கு நிறையக் குருத்தெலும்பு வேண்டும், அதனால் 10 வயதாகி மார்புச் சுற்றளவு 60 செ.மீ. வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். மார்பில் தழும்பு, சில நாள் நல்ல வலி, சிலருக்கு மார்புக்கூட்டில் லேசான பள்ளம் எல்லாம் உண்டு. ஆனால் அது உயிருள்ள சதை, பந்து பட்டுக் காயமானாலும் தானே ஆறும்.

மெட்போர் என்பது நுண்துளைகள் உள்ள பாலிஎத்திலீன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) சட்டகம். 1990-களில் அமெரிக்க சர்ஜன் ரெய்னிஷ் இதைப் பரப்பினார். 3 வயதிலேயே செய்யலாம், பெரும்பாலும் ஒரே அறுவை, மார்பைத் தொட வேண்டாம். பள்ளிக்குப் போகும் முன் முடிந்துவிடும் என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டகத்தை மூட, நெற்றிப்பொட்டுப் பக்கம் தலைத்தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய திசுப்படலத்தை மடித்துப் போர்த்துகிறார்கள். விலா எலும்புக் காது கெட்டுப்போனால் காப்பாற்ற உதவுவதும் இதே படலம்தான்! மெட்போரில் அது முதலிலேயே செலவாகிவிடும்; பின்னாளில் தோல் விட்டு சட்டகம் வெளியே தெரிந்தாலோ கிருமி தொற்றினாலோ சரிசெய்வது கடினம். (நகாட்டா முறையின் இரண்டாம் கட்டத்திலும் இந்தப் படலத்தை எடுப்பதுண்டு, எனவே எந்த விலா முறை என்று சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள்.)

சிலிகான் காது, அதாவது வெளியே பொருத்தும் செயற்கைக் காது, பார்க்க அச்சு அசல். ஆனால் பசையில் ஒட்டினால் நம்மூர் வியர்வைக்கு நிற்காது, எலும்பில் திருகு வைத்தால் அந்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். திருகுக்காக அங்குள்ள மிச்சக் காதை வெட்டித் தழும்பாக்கிவிட்டால் பிறகு சொந்தக் காது கட்டுவது சிரமம். சின்னக் குழந்தைக்கு இதை முதல் தேர்வாக நான் எடுக்க மாட்டேன்.

குழந்தை காத்திருக்கத் தயார் என்றால் என் ஓட்டு விலா எலும்புக்கு. காது குத்தும் விழாவை நினைத்து அவசரப்படுகிறவர்களுக்கு: குத்தும் இடமான மடலின் கீழ்நுனி பெரும்பாலும் அங்கே மிச்சமிருக்கும் சொந்தத் தோலிலிருந்தே வரும், நன்றாக ஆறியபின் எப்போது குத்தலாம் என்று டாக்டரே சொல்வார்.

இதெல்லாம் தோற்றத்துக்கு. கேட்கும் திறன் தனிக் கணக்கு, அது காத்திருக்காது. இரண்டு காதிலும் ஒலி போகும் செவித்துளை அடைத்திருந்தால், எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவியை ஹெட்பேண்டில் வைத்து முதல் சில மாதங்களிலேயே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பேச்சு பின்தங்கும். துளை திறக்கும் அறுவையும் உண்டு, ஆனால் சி.டி. ஸ்கேனில் நடுக்காது நன்றாக இருந்தால்தான். விலா எலும்பு முறையென்றால் வழக்கமாக மடல் முதலில், துளை அப்புறம். மெட்போரில் துளையை முன்னரே திறந்துவிடலாம், இந்த ஒரு விஷயத்தில் அதற்குத்தான் வசதி.