தொழில் தொடங்கும் முன் 12 கிழமை: 160 பக்க சி.ஆர். கொப்பி பற்றிய மதிப்பீடு

தராசு, சீலர், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு. சொந்தத் தொழிலுக்கு ஆயத்தமாகிறவர் முதலில் வாங்கவேண்டியது 160 பக்க சி.ஆர். கொப்பி. மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கொப்பி விற்கிற கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். தடித்த மட்டை, ஒற்றை ரூல், இடப்பக்கம் ஓரக்கோடு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பது, வீட்டுக் காசையும் தொழில் காசையும் கலக்காமல் வைப்பது என்ற இரண்டு பழக்கத்தையும் கடை திறக்கும் முன்னரே கைக்குக் கொண்டுவர இது போதும். குறைகளும் உண்டு, சில பெரிய குறைகள்.

இந்தக் கொப்பி 80, 120, 160, 200 பக்கங்களில் வருகிறது. விலைக்கணக்கும் சேர்த்து எழுதினால் 80 பக்கம் இரண்டு மாதம் தாங்காது. கொப்பி மாற்றவேண்டிய அந்த இடத்தில்தான் எழுதுவதே நின்றுபோகும். 200 பக்கம் பையில் பாரம், வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றும். வாங்கும்போது மட்டைப் படத்தைப் பார்க்க வேண்டாம். நடுவில் விரித்து, முதுகுப் பக்கம் தைத்த நூல் தெரிகிறதா என்று பாருங்கள். தைத்த கொப்பி மேசையில் விரித்தபடி படுத்துக் கிடக்கும். பசையால் மட்டும் ஒட்டியது தானாக மூடிக்கொள்ளும். அழுத்தி விரித்தால் நாளடைவில் ஒற்றைகள் கழன்று வரும். ஒரு ஒற்றையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கத்து எழுத்து தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தாள் மெல்லியதாக இருந்தால் இரண்டு பக்கமும் எழுத முடியாது, 160 பக்கம் 80 ஆகிவிடும்.

வாங்கிய அன்றே 1 முதல் 160 வரை பக்க இலக்கம் இடுங்கள். இருபது நிமிட வேலை. இலக்கமிட்ட கொப்பியில் ஒற்றை கிழிக்க மனம் வராது, பிழைத்த கணக்கும் கிழிபடாமல் கிடக்கும். முதல் 4 பக்கம் பொருளடக்கத்துக்கு. 5 முதல் 88 வரை நாளுக்கொரு பக்கமாக 84 நாள். 89 முதல் 100 வரை கிழமைக் கணக்கு. அடுத்த 20 பக்கம் விலைக்கணக்கு, அதற்கடுத்த 20 பரீட்சார்த்த உற்பத்தி, 141 முதல் 150 வரை அலுவலகப் பத்திரங்கள். கடைசிப் பத்துப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அதற்கும் வேலை வரும்.

84 நாள் என்ற அளவுக்குக் காரணம் உண்டு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 கிழமை கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று யோசிக்காமலே செய்யும் பழக்கமாவதற்கு நடுவளவாக 66 நாள் பிடித்தது. ஆளுக்காள் அது 18 இலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது; 12 கிழமைக்கு மேற்பட்ட நாள்கள் கவனித்தவையல்ல, கணக்கிட்டு மதிப்பிட்டவை. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்த முடிவு. 22 ஆம் நாள் விடியப்புறம் எழும்பக் கஷ்டமாக இருப்பதைக் கண்டு ‘எனக்கு இது சரிவராது’ என்று கைவிடுகிறவருக்கு இந்த இரண்டு தகவலும் தெரிந்திருக்க வேண்டும்.

நாள் பக்கத்தில் முதலில் கவனிக்கவேண்டியது திகதி. அன்றன்று திகதி போட்டால் தவறிய நாள் கொப்பியில் இல்லாமலே போய்விடும், செவ்வாய்க்கு அடுத்த பக்கம் வெள்ளியாக இருக்கும். 14 நாளுக்கு முன்கூட்டியே திகதி இட்டுவைத்தால் எழுதாத புதனும் வியாழனும் வெறும் பக்கமாகக் கண்ணில் படும். 84 நாளுக்கும் ஒரேயடியாக இட்டுவிடவும் வேண்டாம். வீட்டில் ஒரு கலியாணமோ காய்ச்சலோ வந்தால் முழுக் கொப்பியும் பிழைத்துப்போன மாதிரி தோன்றும்.

மேல் மூன்று வரியில் மூன்று வேலை, முதல் நாள் இரவே எழுதியது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு. மற்ற இரண்டும் நடக்காவிட்டாலும் அது நடக்க வேண்டும். ‘லேபல் பார்க்கவேணும்’ என்று எழுதினால் நடக்காது. ‘காலை 5.30, குசினி மேசை, லேபலில் போடவேண்டிய நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி எழுதி முடித்தல்’ என்று நேரமும் இடமும் சேர்த்து எழுதினால் நடக்கும். முடிந்ததற்குச் சரி, முடியாததற்கு வட்டம், நாளைக்குத் தள்ளியதற்கு அம்பு. வேறு அடையாளம் வேண்டாம்.

அம்புக்கு ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேலை மூன்று முறை தள்ளுப்பட்டால் நாலாவது முறை அதே சொற்களில் எழுதக் கூடாது. பெரும்பாலும் அது சோம்பல் காரணமாகத் தள்ளுப்படுவதில்லை. ஒரு வேலை என்று எழுதியிருப்பது உண்மையில் நாலு வேலையாக இருக்கும். ‘வியாபாரப் பெயர் பதிதல்’ நல்ல உதாரணம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பப் படிவம் எடுப்பது ஒரு நாள், கிராம உத்தியோகத்தரைக் காண்பது இன்னொரு நாள், இடத்தின் உறுதியோ வாடகை ஒப்பந்தமோ பிரதி எடுப்பது தனி வேலை, ஒப்படைப்பது அதற்குப் பிறகு. உணவுப் பண்டமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் சேரும். நாலாகப் பிரித்து நாலு நாளில் எழுதினால் அம்பு நின்றுவிடும்.

பக்கத்தின் கீழ் ஆறு வரி காசுக்கு. தொடக்க மிகுதி, வரவு, செலவு, இருக்கவேண்டிய மிகுதி, எண்ணிய காசு, வித்தியாசம். கொப்பியோடு இரண்டு பேணியும் வேண்டும், ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிலுக்கு. இன்னும் வருமானமே இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். 500 ரூபா மட்டும் இருந்தாலும் இரவில் எண்ணி எழுதவேண்டும். தொழில் பேணியிலிருந்து பிள்ளையின் ரியூசன் காசு எடுத்தால் அது சொந்த எடுப்பனவு என்று பதிய வேண்டும். வித்தியாசம் வந்தால் கண்டுபிடிக்கும் வழி கணக்காளர்களுக்குத் தெரியும்: அந்தத் தொகை 9 ஆல் மிச்சமில்லாமல் பிரிந்தால் இலக்கம் இடம்மாறியிருக்கக்கூடும், 540 ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தின் பாதி அன்றைய செலவொன்றுக்குச் சமமென்றால் அந்தச் செலவு வரவுப் பக்கத்தில் ஏறியிருக்கக்கூடும். இரண்டும் இல்லையென்றால் எழுத மறந்த செலவுதான். கூடுதலாக மறக்கப்படுவது ஓட்டோக் காசும் ரீலோட்டும்.

கொப்பியின் விலைக்கு மேலாகத் திருப்பித் தருவது விலைக்கணக்குப் பகுதி. இடியப்ப மா பொதி செய்து விற்க நினைக்கிறவரின் கணக்கை எடுப்போம், தொகைகள் விளக்கத்துக்காக மட்டும். அரிசி 4,200, காஸ் 600, பொலித்தீனும் லேபலும் 500, ஓட்டோ 400, மொத்தம் 5,700 ரூபா, 25 பொதி. ஒரு பொதி 228 ரூபா வருகிறது. 290 க்கு விற்றால் 62 ரூபா இலாபம் என்று தோன்றும். தன் ஐந்து மணித்தியால உழைப்பை மணிக்கு 250 ரூபாவாகச் சேர்த்தால் மொத்தம் 6,950. ருசி பார்க்கக் கொடுத்ததும் சீல் பிழைத்ததுமாக இரண்டு பொதி போனால் மிஞ்சுவது 23. ஒரு பொதியின் அடக்கவிலை 302 ரூபாவைத் தாண்டிவிட்டது. 290 க்கு விற்கிற ஒவ்வொரு பொதியிலும் 12 ரூபா நட்டம், அதுவும் கையில் காசு புழங்குவதால் தெரியாத நட்டம். பின்னர் ஆள் வைத்தால் சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதலாளி பக்கமிருந்து போகவேண்டும். அந்த 15 வீதத்துக்கும் விலைக்கணக்கில் இப்போதே ஒரு வரி விட்டுவையுங்கள்.

பரீட்சார்த்தப் பக்கங்களில் ஊறிய நேரம், வறுத்த நேரம், ஆறவிட்ட நேரம், சீல் வைத்த நேரம், அன்றைய மழை வெயில் எல்லாம் பதியவேண்டும். மா முற்றாக ஆறும் முன் பொலித்தீனில் அடைத்தால் உள்ளே நீராவி வேர்த்துக் கட்டி பிடிக்கும், பூஞ்சணமும் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு பொதியை ஒதுக்கிவைத்து 7, 14, 30 ஆம் நாள்களில் பாருங்கள். எந்த முறை கெட்டது, அன்று என்ன மாறியது என்பதற்குக் கொப்பியே சாட்சி.

கிழமைக் கணக்கு அரை மணித்தியாலம், வெள்ளியோ ஞாயிறோ வீட்டு வழமைக்கேற்ப. அடிக்கோடிட்ட ஏழு வேலையில் எத்தனை சரி? நாலுக்குக் குறைந்தால் அடுத்த கிழமை வேலையைக் குறைக்கவேண்டும்; தன்னைத் திட்டிக்கொண்டு கூட்டுகிறவர்கள்தான் கெதியாக விழுகிறார்கள். ஐந்து, ஆறு நல்ல அளவு. மூன்று கிழமை தொடர்ந்து ஏழுக்கு ஏழு என்றால் இலேசான வேலைகளையே தெரிவுசெய்கிறீர்கள் என்று அர்த்தம்.

வருட முடிவில் இலவசமாகக் கிடைக்கும் டயரி போதாதா என்று கேட்கலாம். பலவற்றில் சனியும் ஞாயிறும் அரைப்பக்கம், வீட்டுத் தொழில்காரருக்கு அந்த இரண்டு நாளும்தான் முழு வேலை. போன் செயலி கூட்டல் பிழை விடாது, ஆனால் மாப் பிடித்த கையோடு திறக்கமுடியாது, திறந்தால் வட்சப்பில் போய் நிற்கும். அச்சடித்த காசேடு நல்ல சாமான், கடை திறந்த பிறகு கட்டாயம் வாங்குங்கள். ஆயத்தக் காலத்தில் நேரத்தையும் வேலையையும் எழுத அதில் இடமில்லை. சாமான் வகை பத்தைத் தாண்டினால் விலைக்கணக்கை மட்டும் கணினிக்கு மாற்றுவது புத்தி.

இனிக் குறைகள். ஒரே பிரதிதான் இருக்கும். தொலைந்தால் எல்லாம் போச்சு, ஆகவே கிழமைக்கொருமுறை போனில் படம் பிடித்து இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். தேடமுடியாது, பொருளடக்கம் எழுதாதவருக்குப் பாதிப் பயன்தான். மட்டையின் மூலைகள் இரண்டு மாதத்தில் பிய்யும், பிள்ளைகளின் கொப்பிக்குப் போடுகிற பிரவுண் பேப்பரும் மேலே பொலித்தீனும் போடவேண்டும். எல்லாவற்றையும் விட ஈரம். கார்த்திகை, மார்கழி மழையில் தாள் ஈரத்தை உறிஞ்சி நெளியும், நீர்மைப் பேனையால் எழுதியது பரவும். குமிழ்முனைப் பேனையின் எண்ணெய் மை நிற்கும்.

அதே மழைதான் எப்போது தொடங்குவது என்பதையும் முடிவு செய்கிறது. கார்த்திகையில் 5 ஆம் பக்கத்தைத் திறந்தால் 88 ஆம் பக்கம் முடியும்போது மாசி. பெரும்போக அறுவடைக் காசு ஊருக்குள் இறங்கும் காலம். ஆனால் அரிசி காயவைக்க வெயிலில்லாத நாள்கள் இடையில் வரும், பரீட்சார்த்த உற்பத்திக்கு இரண்டு கிழமை கூடுதலாக ஒதுக்குங்கள்.

வெறுமையாக விட்ட பத்துப் பக்கம் கடனுக்கு. வேளாண்மை செய்கிற ஊரில் கடன் கொடுக்காமல் கடை நடத்தமுடியாது, ‘வேளாண்ம வெட்டினதும் தாறன்’ என்று வருகிறவர் ஏமாற்றுக்காரருமல்ல. எப்படியானவருக்கு, எவ்வளவுக்கு, எந்தத் திகதிக்குள் என்பதைக் கடை திறக்குமுன் 151 ஆம் பக்கத்தில் எழுதி வையுங்கள். பெயர்கள் வேண்டாம், எல்லை மட்டும்: ஒரு வீட்டுக்கு 2,000 ரூபா, பழைய கடன் தீராமல் புதியது இல்லை. சொந்தக்காரர் வந்து நிற்கும்போது சொல்லவேண்டிய வசனத்தையும் அங்கேயே எழுதி, வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள்: ‘மாமி, கோவிக்காதீங்க, கொப்பியில ரெண்டாயிரத்துக்கு மேல எழுத ஏலாது.’