சீனியர் டெலிமாஸ்டர்: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

சீனியர் டெலிமாஸ்டர் ஒரு றேடியோவால் ஓட்டும் மாதிரி விமானம், 94 அங்குல இறக்கை. விறாந்தையில் வைத்துக் கட்டினேன். எட்டு மாதம் அந்தப் பக்கம் ஒருவரும் கதிரை போடவில்லை. கார்ல் ஹைன்ஸ் டென்ஸின் என்ற ஜேர்மன்காரர் வரைந்த பழைய வரைபடம். அந்தக் காலத்து 60 அளவு (0.60 கன அங்குல) குளோ எஞ்சின் என்ற சின்ன எரிபொருள் எஞ்சினுக்காகப் போட்டது. நான் பறக்கவிடுவது மின்மோட்டரில்.

என்னிடம் இருந்த தாளில் இடது இறக்கை மட்டும்தான். தாளில் நல்லெண்ணெய் தடவினால் கோடுகள் பின்பக்கம் தெரியும், திருப்பிப் போட்டு வலது இறக்கையைக் கட்டலாம் என்பது பழைய ஆட்களின் வழி. எண்ணெய் தடவினேன், திருப்ப மறந்தேன். பசை காய்ந்த பிறகு பார்த்தால் கையில் இரண்டு இடது இறக்கை! ரிப்புகளை, அதாவது இறக்கையின் குறுக்கு விலாக்களை, பிளேட்டால் கீறிக் கழற்ற ஒரு கிழமை போனது.

சரி, எதை மாற்றினேன்? இறக்கையின் வடிவத்தில் கை வைக்கவில்லை. ஸ்பாருக்கு (இறக்கையைத் தாங்கும் நீளச் சட்டத்துக்கு) மட்டும், பொதிப் பெட்டிப் பலகையில் நேரான இழையுள்ள பைன் மரமாகப் பார்த்து அறுத்தேன். "பனஞ்சிலாகை போடு தம்பி, முறியாது" என்றார் அயலில் ஒரு பெரியவர். முறியாதுதான், எழும்பவும் எழும்பாது. மற்றும்படி, நடுவில் ஒரு சேர்வோ (றேடியோ சொன்னபடி அசைக்கும் சின்ன மோட்டர்) வைத்து, விமானத்தைச் சரிக்க இறக்கைகளின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு ஐலரானையும் இழுக்கும் பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டு, பக்கத்துக்கு ஒன்று வைத்தேன்.

பெரிய மாற்றம் வாலில். பழைய வரைபடத்தில் வால் இறக்கையும் மேல்பக்கம் வளைந்தது, அதுவும் தூக்கும். மெதுவாகப் போகும்போது சுகம். வேகம் ஏறினால் வால் கூடத் தூக்க, மூக்கு இன்னும் கீழே குத்தும். யாழ்ப்பாணத்துக் கல்லுண்டாய் வெளியில் ஒருநாள் காற்றை எதிர்த்துக் கொஞ்சம் விசை கூட்டினேன், நெஞ்சு இடித்தது. அடுத்த மாதமே தட்டையான வால் செய்து, சமநிலைப் புள்ளியையும் முன்னால் நகர்த்தினேன். எண்ணெய்த் தாங்கி இருந்த இடத்தில் ஆறு செல் லிப்போ பற்றறி. அதை முன்னுக்குத் தள்ளினாலே போதும், ஈயம் தேவைப்படவில்லை. எல்லாம் சேர்த்து 4.6 கிலோ.

இறக்கையைக் கட்டும் றப்பர் வளையங்களை நம்பாதீர்கள். இந்த வெயிலில் அவை இரண்டு மாதத்தில் வெடிக்கும். தரையிறக்கும் நேரத்தில் இரண்டு அறுந்து இறக்கை கோணலாகத் திரும்பியது. நல்ல காலம், ஆள் உயரத்தில்தான் இருந்தது. இப்போது நைலோன் ஆணிகள். மோதினால் அவை முறியும், இறக்கை மிஞ்சும்.

நான் திருப்தியில்லாத ஒரே விஷயம் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் உறை. அடர்நீலம் போட்டேன், முட்டாள்தனம். வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்தால் தொய்கிறது. திரும்பவும் அயன் பெட்டி. மஞ்சள், வெள்ளைப் பகுதிகள் பரவாயில்லை. உப்புக்காற்று வேறு: சில்லுக் கம்பிக்கு எண்ணெய் பூசாவிட்டால் ஒரு கிழமையில் துரு.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்னமே பறந்து முடித்துவிட வேண்டும். பலாலிப் பக்கம் விமான நிலையம், அங்கே போவதே இல்லை. தை மாதத்தில் எங்கேயும் இல்லை. வானம் முழுக்கப் பெடியளின் பட்டம், பட்டத்தில் கட்டும் விண் கூவுகிற சத்தத்தில் மோட்டர்ச் சத்தமே கேட்காது. போன தையில் ஒரு நைலோன் நூல் விமானத்தின் முன்விசிறிக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. மேலே எந்தப் பட்டம் என்று இன்னும் தெரியாது.